வக்கீலுக்குத் தனி அறை

பொமரேனியன் நாய்க்குப் பட்டுப் பாவாடை கட்டி அழைத்து வந்திருந்தார்கள். அரக்கு நிறம், கரையில் சரிகை. அதை மடியில் வைத்திருந்த பெண்மணி, “பாப்பாவுக்கு ரெண்டு நாளா வயித்தோட போகுது” என்று பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொன்னாள். பாப்பாவாம். ஹெப்சிபா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். சுவரில் முயலின் வயிற்றுக்குள் என்னென்ன இருக்கிறது என்று விளக்கும் படம். அதற்குக் கீழே ‘அமைதி காக்கவும்’. யாரைக் காக்கச் சொல்கிறார்கள், முயலையா? இருபத்தாறு வருஷ ஆஸ்பத்திரி வேலையில், அதிலும் ஆண்கள் வார்டுக்குத் தலைமை நர்ஸாக இருந்த பதினோரு வருஷத்தில், மனிதர்கள் அடிக்கும் கூத்தையெல்லாம் பார்த்து முடித்தாகிவிட்டது என்றுதான் நினைத்திருந்தாள். பாளையங்கோட்டையில் பிராணிகளுக்கென்று ஒரு கிளினிக் இருப்பதும், செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு அதில் உட்கார இடமில்லாமல் கூட்டம் நிற்பதும் அவள் நினைத்தே பார்க்காதவை. ஒருவர் பூனையைக் கட்டைப்பைக்குள் போட்டு, தலையை மட்டும் வெளியே விட்டு, முருங்கைக்காய் வாங்கி வந்தவர் போல நின்றிருந்தார். வெளியே ஆனிக் காற்று தகரக் கூரையை அடித்துக்கொண்டிருந்தது. அவள் மடியில் கூண்டு இருந்தது. கூண்டின் மேல் பச்சைத் துணி. துணிக்குள் கிளி. அது இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத அளவுக்கு ஓசையில்லாமல் இருந்தது. இருக்கிறது, கனம் தெரிகிறது. ஆனால் கனம் கூண்டினுடையது. கிளிக்கு என்ன கனம் இருக்கிறது இப்போது.

“வக்கீல் ஹெப்சிபா! வக்கீல் ஹெப்சிபா யாரு?” மேஜைக்குப் பின்னாலிருந்த பெண் கத்தினாள். இங்கே பிராணியின் பெயரையும் ஆளின் பெயரையும் சேர்த்தே கூப்பிடுகிறார்கள். எல்லோரும் திரும்பினார்கள். பூனைக்காரர் மரியாதையாக ஒதுங்கி, “வக்கீலம்மா, நீங்க முன்னால போங்க” என்றார். “நான் நர்ஸ். வக்கீல் இது” என்று கூண்டைக் காட்டினாள் ஹெப்சிபா. பாவாடை நாயின் சொந்தக்காரி சிரித்தாள். சிரிக்கிறாள், பாப்பாவைப் பெற்றவள். இந்தப் பெயரை வைத்தது பியூலா. தங்கச்சி. பன்னிரண்டு வயது இளையவள். ஐந்து வருஷத்துக்கு முன்னால் அவள் அலுவலக மேனேஜர் ஊரை விட்டுப் போகும்போது, சாம்பல் உடம்பும் சிவப்பு வாலுமாக இந்த வெளிநாட்டுக் கிளியை அவள் தலையில் கட்டிவிட்டுப் போனார். “கழுத்தச் சாச்சு எதிர்க்கேள்வி கேக்குதுக்கா, அசல் வக்கீல்” என்று சொல்லி அதே பெயரை வைத்தாள். ஹெப்சிபா வைத்திருந்தால் ஒரு பெயரும் வைத்திருக்க மாட்டாள். வார்டில் படுக்கை எண் போதும். மேஜைப் பெண் அட்டையில் செருகிய ஒரு தாளை நீட்டினாள். “இத நெரப்பி வையுங்க சிஸ்டர். உங்க நம்பர் வர இன்னும் மூணு பேரு இருக்கு.” மூன்று பேரா, மூன்று நாயா என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது.

தாளின் இரண்டு பக்கமும் கேள்விகள். கூண்டு வீட்டில் எங்கே இருக்கிறது. எத்தனை மணி நேரம் தூங்குகிறது. சூரிய வெளிச்சம் படுகிறதா. கடந்த சில மாதங்களில் வீட்டில் யாராவது புதிதாக வந்தார்களா, யாராவது போனார்களா. தினமும் எவ்வளவு நேரம் பறவையோடு பேசுகிறீர்கள். பறவையின் மனநிலையில் மாற்றம் உண்டா. மனநிலையாம். மனிதனுக்கே அதைக் கேட்க நேரமில்லாமல் இவள் இருபத்தாறு வருஷம் ஓடியிருக்கிறாள், பறவைக்குக் கேட்கிறார்கள். மனச்சோர்வு என்று ஒன்றை டாக்டர்கள் எழுதும்போதெல்லாம் அவளுக்கு உதட்டோரம் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும். வேலை இருக்கிறவனுக்கு வராத வியாதி. கிளிக்கு என்ன, பரீட்சையில் தோல்வியா, வரன் தட்டிப் போயிற்றா? இவள் மட்டும் என்ன, பியூலா கல்யாணமாகிப் போன மறுநாள் காலை ஏழு மணிக்கு டியூட்டியில் இருந்தாள். அழவில்லை. மூலையில் ஒடுங்கி உட்காரவில்லை. எல்லாக் கேள்விகளுக்கும் மேலே, முதல் கேள்வியாக, ‘இந்த நிலை எத்தனை நாட்களாக?’ என்றிருந்தது. பேனா அதற்கு மேலேயே நின்றது. இந்தக் கேள்வியை அவள் ஆயிரம் முறை கேட்டிருக்கிறாள். நோயாளியோடு வருகிறவர்கள் எல்லோரும் ஒரே பதில்தான் சொல்வார்கள். நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்தாரு சிஸ்டர். கால் கறுத்துப் போய்ப் புழு வைத்த ஆளைக் கொண்டு வந்து போட்டுவிட்டு, நேத்து வரைக்கும். “எந்த வருஷத்து நேத்து?” என்று கேட்பாள். ஜூனியர் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அவள் சிரித்ததில்லை. பொய் சொல்கிறவர்களை அவளுக்குப் பிடிக்காது என்பதல்ல, நோயை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுப் பொய் சொல்கிறவர்களைத்தான் பிடிக்காது. கண் இல்லையா? மூக்கு இல்லையா? ஐம்பத்து மூன்று நாள். அவளுக்கு நன்றாகத் தெரியும். முதல் இறகு கூண்டுத் தட்டில் கிடந்த நாள் வெள்ளிக்கிழமை. ஐந்து இறகுகள், நெஞ்சுப் பக்கத்துச் சின்ன இறகுகள், அடித்தண்டு ஈரமாக. எடுத்து எண்ணிப் பார்த்தாள். பேனா கீழே இறங்கி ‘2 நாள்’ என்று எழுதியது. எழுதியதைப் பார்த்தாள். அவள் கையெழுத்துதான், வார்டு முழுவதும் மெச்சும் குண்டு குண்டான கையெழுத்து. இரண்டு நாள். அடித்துத் திருத்தவில்லை. மேஜைப் பெண் வந்து அட்டையை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். மற்றக் கேள்விகள் காலியாகவே போயின. போகட்டும். இங்கே யார் படிக்கப் போகிறார்கள்.

ஐந்து இறகு, பிறகு பத்து, பிறகு நெஞ்சில் பொட்டு அளவுக்கு ஒரு வெற்றுத் தோல், பிறகு அது உள்ளங்கை அளவு. உரித்த கோழி மாதிரி சிவந்து, புள்ளி புள்ளியாக. தோல் வியாதி என்று ஒரு நொடியில் முடிவு செய்தாள். செய்ய மாட்டாளா? எத்தனை தோல் பார்த்திருக்கிறாள். பூச்சியாக இருக்கலாம், பூஞ்சையாக இருக்கலாம், எதுவானாலும் தொற்று. தொற்று என்றால் தனி அறை. அவள் வார்டில் தொற்று நோயாளியை மற்றவர்களோடு படுக்க வைத்த ஒரு டாக்டரை எல்லோர் முன்னாலும் நிறுத்திக் கேட்டவள் அவள். வீட்டில் காலியாக இருந்த அறை ஒன்றுதான், பியூலாவுடையது. கட்டில், பீரோ, கல்யாணத்துக்கு வந்த பெட்டிகளின் அட்டைகள். எல்லாவற்றையும் வெளியே எடுத்தாள். தரையை பினாயில் போட்டுத் துடைத்தாள். ஜன்னலைச் சாத்தினாள், காற்றில் பரவும். பொம்மை, மணி, கடிக்கிற மரக்கட்டை, கயிறு, எல்லாம் கிருமி சேரும் இடம், எடுத்துக் கடாசினாள். கூண்டை நடுவில் வைத்தாள். உள்ளே போகும்போது மாஸ்க், தொப்பி, கையுறை, நீளமான அங்கி. காலையில் ஒருமுறை, டியூட்டி முடிந்து ஒருமுறை. தண்ணீர், தீனி, பூஞ்சைக்கென்று அவளே கடையில் வாங்கிய மருந்து, தட்டைத் துடைப்பது, கதவைச் சாத்துவது. ஏழு நிமிஷம். தனி அறைக்குள் நின்று கதை பேசக்கூடாது என்பது முதல் பாடம். இவ்வளவு ஒழுங்காக எவள் செய்வாள்? பாவாடை கட்டுகிறவளா செய்வாள்? கிளி அவளைப் பார்த்துக் கூண்டின் பின்பக்கக் கம்பியோடு ஒட்டிக்கொண்டது. ஐந்து வருஷமாகப் பார்த்த முகம், அதற்கு அடையாளம் தெரியவில்லை. நன்றிகெட்ட ஜென்மம் என்று நினைத்தாள். முகம்தான் மாஸ்க்குக்குள் இருந்ததே என்று இப்போது, இந்த நாற்காலியில், நாய் நாற்றத்தின் நடுவில் தோன்றுகிறது. அப்போது ஏன் தோன்றவில்லை? தோன்றியிருக்குமோ? தோன்றியதைத் தள்ளிவிட்டாளோ?

அது விசில் அடித்தது. அதைத்தான் நினைக்கக்கூடாது என்று இருந்தாள். முதலில் தாழ்ந்து பிறகு ஏறும் இரண்டு சுரம். பியூலா சாயங்காலம் கேட்டைத் திறக்கும்போது அடிக்கிற விசில். கிளி உள்ளேயிருந்து அதையே திருப்பி அடிக்கும், அவள் இன்னொரு முறை அடிப்பாள், அது அடிக்கும். “ரெண்டும் பஸ் கண்டக்டரா பொறந்திருக்கணும்” என்று ஹெப்சிபா அடுப்படியிலிருந்து சொல்வாள். தனி அறைக்குப் போன பிறகு, பூட்டிய கதவுக்குப் பின்னாலிருந்து, காலையிலும் சாயங்காலமும், இரண்டு சுரம். நிறுத்தும், காத்திருக்கும், மறுபடி. வார்டில் சில நோயாளிகள் அப்படித்தான், சிஸ்டர் சிஸ்டர் என்று ஓயாமல் கூப்பிடுவார்கள், போனால் ஒன்றும் இருக்காது. ஒவ்வொரு தடவையும் போனால் அதுவே பழக்கமாகிவிடும் என்று ஜூனியர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். அதனால்தான் பதில் கொடுக்கவில்லை. அதனால்தான். தோசைக்கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள், தோசை தீய்ந்தது. என்னையா கூப்பிட்டது, அவளைத்தானே? அவள் மஸ்கட்டில் இருக்கிறாள், புருஷனோடு கடலைப் பார்த்துக்கொண்டு. ஈஸ்டர் முடிந்த வாரம் கல்யாணம், பத்தாம் நாள் பயணம். திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் பியூலா இவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு விக்கி விக்கி அழுதாள். “வக்கீலப் பாத்துக்கோக்கா. தனியா விட்டுராதக்கா. அது ஏங்கிரும்.” தூக்கி வளர்த்தவளிடம் கடைசியாகச் சொல்லிவிட்டுப் போன வார்த்தை அதுதான். அது ஏங்கிரும். அது. திரும்பி வரும் வண்டியில் நாங்குநேரி வரைக்கும் அந்த ஒரு வார்த்தையை வாய்க்குள் போட்டு மென்றுகொண்டு வந்தாள். ஏங்கட்டும் என்று நினைத்தாளா? நினைக்கவில்லை. நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியும். அந்தக் கதவின் தாழ்ப்பாளைப் போடும்போது கையில் ஒரு சின்ன சுகம் இருந்ததா என்று கேட்டால், அது வேறு கேள்வி. தாளில் அந்தக் கேள்வி இல்லை.

“நாலாம் நம்பர் முடிஞ்சுட்டு. பாப்பா சங்கரேஸ்வரி உள்ள வாங்க.” பட்டுப் பாவாடை சரசரக்க உள்ளே போயிற்று. ஹெப்சிபா துணியின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். கம்பில் இல்லை. கூண்டின் தரையில், மூலையில், இருக்கிற இறகையெல்லாம் உப்பவைத்துக்கொண்டு, கண் பாதி மூடி உட்கார்ந்திருந்தது. காய்ச்சல்காரன் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்வது போல. இது எந்த நர்ஸுக்கும் தெரியும். சாப்பிடாதது, ஒரே இடத்தில் நின்று முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருந்தது, தொட்டால் கடித்தது, பிறகு கடிக்கக்கூட இல்லாமல் போனது, எதையும் எட்டிப் பார்க்காதது. ஆண்கள் வார்டில் பன்னிரண்டாம் படுக்கையில் இதையெல்லாம் பார்த்திருந்தால் வீட்டு ஆட்களைக் கூப்பிட்டு, தினமும் யாராவது வந்து உட்காருங்கள் என்று திட்டியிருப்பாள். திட்டியிருக்கிறாள். தனி அறைக்குப் போன ஒன்பதாம் நாள் விசில் நின்றது. அன்று ராத்திரி, கிளிக்காக எழுதிவந்த குறிப்பில், மருந்தின் அளவுக்குப் பக்கத்தில், ‘அமைதியாக உள்ளது. தொந்தரவு இல்லை’ என்று எழுதினாள். டியூட்டி மாறும்போது எழுதுகிற வாக்கியம். இருபத்தாறு வருஷமாக இதைவிட நல்ல வாக்கியம் அவள் எழுதியதில்லை. எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கினாள். மருந்து பிடிக்க ஆரம்பித்துவிட்டது என்று சந்தோஷம்கூட. பியூலா போனில் முகம் காட்டிக் கேட்டாள், “எங்கக்கா அவன்? சத்தத்தையே காணோம்?” “தூங்குதுட்டி.” “எப்பப் பாத்தாலுமா தூங்குவான்?” “வயசாகுதுல்லா. எனக்கும்தான் ஆகுது, என்னக் கேட்டியா?” பியூலா சிரித்தாள். மடச்சி. எது சொன்னாலும் நம்புகிற மடச்சி. இப்போதே எழுந்து போய்விடலாம், கூண்டை எடுத்துக்கொண்டு வாசல் வழியாக நேராக, யாருக்கும் தெரியாது, செத்தால் செத்தது, வயசாகிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் அந்தக் கிளிக்கு நாற்பது வருஷம் ஆயுசு என்று அந்த மடச்சிக்குத் தெரியும். தெரியும்.

டாக்டர் இசக்கிராஜுக்கு முப்பது வயதுகூட இருக்காது. சட்டைப் பையில் பூனை பிறாண்டிய கிழிசல். இவனா என்று நினைத்தாள். “இங்கன வையுங்க சிஸ்டர்” என்று துணியை மெதுவாக எடுத்தான். குனிந்து பார்த்தான். கையில் துணியைச் சுற்றிக் கிளியைத் தூக்கியபோது அது எதிர்க்கவில்லை. நெஞ்செலும்பைத் தடவினான். நடுவில் அது கத்தி முனை மாதிரி நிற்பது அவளுக்கு நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. தராசில் வைத்தான். “முந்நூத்திப் பத்து கிராம். நானூறுக்கு மேல இருக்கணும்.” தாளை எடுத்தான். ‘2 நாள்’ என்பதைப் படித்தான். வெற்று நெஞ்சைப் பார்த்தான். மறுபடி தாளைப் பார்த்தான். ஹெப்சிபா நிமிர்ந்து நின்றாள். வரப்போவது என்னவென்று அவளுக்குத் தெரியும், ‘எந்த வருஷத்து நேத்து?’ என்ற வாக்கியத்தைச் செதுக்கியவளே அவள்தான். உதடு எப்படிச் சுழியும், புருவம் எங்கே ஏறும், பின்னால் நிற்கிற உதவியாளன் எப்படிச் சிரிப்பை அடக்குவான், எல்லாம் தெரியும். “ரெண்டு நாள்ல இவ்வளவு புடுங்காது” என்றான் அவன். அவ்வளவுதான். பேனாவை எடுத்து அந்த இரண்டைக் குறுக்கே அடித்தான். “திரும்பச் சொல்லுங்க.” அவள் காத்திருந்தாள். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. அவன் முகத்தில் தேடினாள், அங்கேயும் இல்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம், வாசலைப் பார்த்துப் போயிருக்கலாம். “அம்பத்து மூணு நாள்” என்றாள். குரல் யாருடையதோ போல இருந்தது. “நாப்பத்தொரு நாளா ரூம்ல போட்டுப் பூட்டி வச்சிருக்கேன். ஒத்தையில. தொத்து வியாதின்னு நெனச்சு, மாஸ்க்கு கிளவுஸு போட்டு நானா மருந்து குடுத்தேன்.”

“தலையப் பாத்தியளா?” அவன் கிளியின் தலையைச் சுண்டுவிரலால் காட்டினான். நெற்றியும் கன்னமும் பிடரியும் இறகு குறையாமல், ஒன்றுகூட உதிராமல் இருந்தன. “தோல் வியாதின்னா தலையிலயும்தான் வரும். அலகு எட்டாத எடம் அது ஒண்ணுதான். அதுவா புடுங்குது சிஸ்டர்.” ஐம்பத்து மூன்று நாள் தினமும் இரண்டு வேளை பார்த்த தலை. “வீட்டுல யாரும் போனாங்களா?” “தங்கச்சி. கல்யாணமாகி.” “அவகதான் இதுகிட்டப் பேசுவாகளோ?” “ஆமா.” “ரத்தம் எடுத்து அனுப்பிப் பாப்போம், வேற ஏதும் இருந்தா தெரிஞ்சிரும். ஆனா இது ஏக்கந்தான்னு தோணுது. மருந்தெல்லாம் நிறுத்திருங்க. மாஸ்க், கிளவுஸ் வேண்டாம். ஆள் நடமாடுற எடத்துல வையுங்க, ஒரு பக்கம் சுவரு இருக்கட்டும், பயப்படாது. காலைல வெயில் படட்டும். ராத்திரி பத்து மணி நேரம் இருட்டு. கடிக்க மரக்கட்டை போடுங்க, தீனியத் தாள்ல பொதிஞ்சு வையுங்க, தேடித் திங்கட்டும். அதுக்கு வேல வேணும். கம்புக்கு வரச் சொல்லித் தொந்தரவு பண்ணாதிய. பக்கத்துல இருங்க, பேசுங்க. அது கூப்புட்டா எந்த ரூம்ல இருந்தாலும் ‘என்ன’ன்னு ஒரு சத்தம் குடுங்க.” “இப்பம் கூப்பிடுறதே இல்ல” என்றாள். “கூப்புடும். கூப்புடலேன்னாலும் நீங்க குடுங்க.” பிறகு தாளில் எழுதிக்கொண்டே, நிமிராமல், “இன்னும் நாலு நாள்ல இது தின்ன ஆரம்பிக்கணும். இல்லேன்னா குழாய் வச்சுத்தான் ஊட்டணும். அதுக்கு மேல சொல்லுறதுக்கில்ல” என்றான். அவள் நோயாளி வீட்டாருக்குச் சொல்லும் அதே குரல். “எம்புட்டு நேரம் பேசணும்?” என்று கேட்டாள். “வீட்டுல இருக்குற நேரமெல்லாம்.” “என்ன பேச?” அவன் முதல் தடவையாக அவளை நிமிர்ந்து பார்த்தான். அவள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்று தெரிந்துகொண்டான் போலிருக்கிறது. “வீட்டுல நீங்க எப்பவும் என்ன பேசுவியளோ அதையே பேசுங்க” என்றான்.

வீட்டில் எப்பவும். பியூலா போன பிறகு வீட்டில் அவள் வாய் திறந்தது எப்போது? பால்காரனிடம் அரை லிட்டர் என்று சொன்னது. போனில் தூங்குதுட்டி என்று சொன்னது. ஜெபம் செய்வது மனசுக்குள். ஆட்டோவில் கூண்டைப் பக்கத்தில் வைத்து, ஒரு கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். துணியை மடித்துப் பையில் போட்டிருந்தாள். காற்று கிளியின் மேல் படாமல் முந்தானையை இழுத்துப் பிடித்தாள். நாலு நாள். தொண்ணூற்றாறு மணி நேரம், அதில் டியூட்டி இருபத்து நாலு, மீதி எழுபத்திரண்டு. லீவு போட்டால் முழுதும். பேசு என்றால் என்ன பேசுவாள்? அன்பாக நாலு வார்த்தை அவள் வாயில் வந்து யார் கேட்டிருக்கிறார்கள். கண்ணு, செல்லம் என்று கொஞ்சுகிறவர்களைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். வாயைத் திறந்தாள், மூடினாள். மார்க்கெட் திருப்பத்தில் ஆட்டோ நின்றது. எதிரே இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு பேனர், கைகூப்பிச் சிரிக்கிற ஒருவனின் பிறந்தநாளுக்கு.

“பாரு இவன” என்றாள் ஹெப்சிபா. குரல் கரகரத்தது. இருமிவிட்டு, “பாருல வக்கீலு, இவன் மூஞ்சிக்கு ரெண்டு மாடி கேக்குது. அதுல ஒரு கூலிங் கிளாஸு வேற. பொறந்தத ஊருக்கே சொல்லுதான், என்னமோ இவன் மட்டும் பொறந்த மாதிரி” என்றாள். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார். “எங்கிட்டயாம்மா?” “ஒங்கிட்ட இல்ல. நீ ரோட்டப் பாத்து ஓட்டு.” கூண்டின் பக்கம் குனிந்தாள். கிளி மூலையை விட்டு அசையவில்லை. பாதி மூடிய கண் மூடியபடியே இருந்தது. “இந்தா ஒருத்தி, ஹெல்மெட்ட கைல மாட்டிட்டுப் போறா, மூளை முழங்கைலதான் இருக்கு போல. சாயங்காலம் எங்க ஆஸ்பத்திரிக்குத்தான் வருவா, வந்து, சிஸ்டர் மெதுவான்னு கத்துவா. அந்தா வாரான் பாரு, தப்பான பக்கத்துல, அவனுக்கு ஆரனு வேற, எங்க அவ்வளவு அவசரம், கலெக்டரு காத்துக்கிட்டிருக்காரா?” வார்த்தைகள் ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. அவற்றில் ஒன்றுகூட நல்ல வார்த்தை இல்லை. இவ்வளவு இருக்கிறதா உள்ளே என்று அவளுக்கே வியப்பாக இருந்தது. கரண்டுப் போஸ்டுமரத்தை, பெட்டிக்கடையை, பள்ளம் தோண்டிவிட்டு மூடாமல் போனவனை, வெயிலில் நிற்கும் போலீஸ்காரரின் தொப்பையை, ஒருவரையும் விடவில்லை. ஐகிரவுண்டு நிறுத்தம் தாண்டும்போது கிளியின் தலை ஒரு விரல்கடை அவள் பக்கம் சாய்ந்ததா, வண்டிக் குலுக்கலில் ஆடியதா, சொல்ல முடியவில்லை. பேச்சை நிறுத்திப் பார்க்க அவளுக்குத் துணிச்சல் இல்லை. “இன்னும் கேளு” என்று சொல்லி, மூச்சை ஒருமுறை இழுத்துவிட்டுக்கொண்டு, அடுத்து வந்த பஸ்ஸைத் திட்டத் தொடங்கினாள்.